ஏரித் தீவுக்கு ஒரு சைக்கிள் வழி

திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்குவேன். சாயங்காலம் விழுப்புரத்தில் ஏறித் திண்டிவனத்தில் இறங்குவேன். கல்யாணத்துக்குப் பிறகு என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் எனக்கு இதைத்தான் சொல்லத் தோன்றும். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தெரியும். விழுப்புரத்தில் மின்சார அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. கணவருக்குத் திண்டிவனத்தில் பெயின்ட் கடை. ஒரே பையன் படிப்பை முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில் இருக்கிறான்.

வீட்டிலிருந்து ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். ஆனாலும் காலையில் அவர் காரில் கொண்டுவந்து விடுவார். சாயங்காலம் ரயில் நிற்கும்போதே வாசலில் எங்கள் கார் நிற்பது தெரியும். மழை, வெயில், கடையில் கூட்டம் எதுவும் கணக்கில்லை. கூட வருகிற பெண்கள், "உங்களுக்கு இன்னாக்கா, ராணி மாதிரி" என்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். ஸ்கூட்டர் வாங்கிக்கொள்கிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். "நான் இருக்கிறப்போ உனக்கு எதுக்கு?" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

அந்த ரயிலில்தான் நர்ஸ் பெண் பழக்கமானாள். விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அக்கா வீட்டோடு திண்டிவனத்தில் இருந்தாள். சொந்த ஊர் எது என்று நான் கேட்டதற்கு, ஜன்னல் பக்கம் கையைக் காட்டி வடக்கே என்றாள்.

"பழவேற்காடு ஏரி இருக்குது பாருங்க, அதுக்குள்ளார ஒரு தீவுக்கா. ஆந்திரா கணக்குல வரும். ஆனா நாங்க எல்லாம் தமிழுதான்."

"தீவா? பாலம் இருக்கா?"

"பாலம் இன்னா பாலம். போட்டுலதான் போவணும். காரு, பஸ்ஸு ஒண்ணும் கெடையாது. சைக்கிளு, டூவீலருன்னா போட்டுல ஏத்திக்குவாங்க."

அதன்பிறகு தினமும் ஏதாவது சொல்வாள். காற்று ஓங்கி அடித்தால் படகு விடமாட்டார்கள், அன்றைக்கு ஊர் மொத்தமும் உள்ளேயேதான். மழைக்காலம் முடிந்ததும் செங்கால் நாரைகள் வந்து இறங்கும். எங்கள் ஊர்ப் பக்கம் கழுவெளி ஏரியிலும் பறவைகள் வரும். நான் வானூர்ப் பக்கத்துக்காரி. பள்ளிக்கூடத்துக்கு வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகளுக்கு நடுவே சைக்கிளில் போனவள். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது பறவைகள் இல்லை. கார் போக முடியாத ஓர் இடம் இருக்கிறது என்பதும், அங்கே சைக்கிள் போகும் என்பதும்தான்.

பையன் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கியர் சைக்கிள் கார் ஷெட்டில் தூசி படிந்து நின்றது. முட்டிவலிக்கு டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருந்தார். அந்தச் சாக்கில் அதைத் துடைத்து, சீட்டை இறக்கி, காலையில் எங்கள் நகருக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்தேன். முதல் இரண்டு நாள் கணவர் கேட்டருகில் நின்று பார்த்தார். நகரைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வரக்கூடாது என்பது சொல்லாமலே போட்ட கோடு. நானும் தாண்டவில்லை. பால் பூத், பிள்ளையார் கோவில், தண்ணீர் டேங்க், திரும்பப் பால் பூத். ஒரு சுற்றில் எதிர்ப்படும் அதே ஆட்கள் அடுத்த சுற்றிலும் எதிர்ப்படுவார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் மேப்பைத் திறந்து வழி பார்ப்பேன். முதல் நாள் செங்கல்பட்டு. அங்கிருந்து சென்னைக்குள் நுழையாமல் ஸ்ரீபெரும்புதூர் வழியாகத் திருவள்ளூர். பிறகு ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி, எல்லை தாண்டி சூலூர்ப்பேட்டை. அங்கிருந்து படகுத்துறைக்குச் சின்ன ரோடு. எங்கே தங்கலாம், எந்த ஊரில் சைக்கிள் கடை இருக்கிறது, எங்கே ஏரிக்கரை ஓரமாகவே ரோடு போகிறது என்று விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். நர்ஸ் பெண் ரயிலில் என் போனை வாங்கிப் பார்த்து, "இங்க டோல் கேட்டாண்ட நல்ல ஓட்டல் இருக்குதுக்கா" என்று திருத்துவாள். தன் அம்மாவிடமும் சொல்லிவிட்டாள். "எங்க அம்மா உங்களுக்கு மீன் கொழம்பு வைக்கறதா சொல்லுச்சு" என்றாள். மழை முடிந்து தை மாதம் போவதென்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

வீட்டில் சொல்ல வேண்டிய நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, அவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சைக்கிள்லியா?"

"ஆமாங்க."

"பழவேற்காட்டுக்கா?"

"அதுக்கும் கொஞ்சம் மேல."

சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கையில் பிட்ட தோசை அப்படியே நின்றது. "இன்னாத்துக்கு?" என்று கேட்டார்.

யாரும் கொண்டுவந்து விடாமல், யாரும் வந்து கூட்டிக்கொண்டு போகாமல், ஒரு தடவையாவது ஓர் இடத்துக்கு என் காலால் மிதித்துப் போய்ச் சேர வேண்டும். இதை எப்படி அவரிடம் சொல்வது? தினமும் கொண்டுவந்து விடுகிறவரே அவர்தானே. "சும்மாதாங்க" என்றேன். சும்மா என்ற சொல் அவரை மிகவும் பயமுறுத்திவிட்டது என்று நினைக்கிறேன். மறுநாளே முகையூரிலிருந்து அவருடைய அக்கா வந்து இறங்கிவிட்டார்.

"வேண்டுதலா?" என்றார் அண்ணி, வந்ததும் வராததுமாக.

"இல்ல அண்ணி."

"வேண்டுதலா இருந்தா நாலு பேருக்குச் சொல்லலாம். ஜனங்க பாதயாத்திரை போறாங்க, யாரு இன்னா கேக்கறா? நீ மயிலத்துக்கு மிதிச்சிக்கினு போறேன்னு சொல்லு, நானே தேங்கா ஒடைச்சி அனுப்பறேன். இது இன்னான்னு சொல்றது? ஏரியப் பாக்கப் போறேன்னா? நம்மூர்ல இல்லாத ஏரியா?"

அண்ணி கெட்டவர் இல்லை. என் பிரசவத்துக்கு வந்து இரண்டு மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர். அன்றைக்குக்கூடக் கேப்பை மாவு, முருங்கைக்கீரை எல்லாம் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். ஆனால் அவர் கேட்கக் கேட்க, என் ஆசை எனக்கே ஒரு நோய் மாதிரி தெரிய ஆரம்பித்தது. பையன் போனில், "செம்ம ம்மா!" என்று குதித்தான். அடுத்த மூச்சில், "ஆனா ஹைவேல தனியா வேணாம்மா. லாரிக்காரன் பாக்கவே மாட்டான்" என்றான். ஹெல்மெட் ஒன்று ஆர்டர் பண்ணி அனுப்பினான். அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது, நான் எங்கே இருக்கிறேன் என்பது அப்பாவின் போனில் எந்நேரமும் தெரிகிற மாதிரி என் போனில் ஏதோ செய்து கொடுத்தான். மேப்பில் சின்ன நீலப் புள்ளியாக நான் நகர்வேன். "இனிமே பயமில்லப்பா" என்றான். அவரும் அண்ணியும் பையனும் அந்தப் புள்ளியைக் குனிந்து பார்த்தார்கள். புள்ளி எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றது.

கடைசியில் கணவர் சம்மதித்தார். ஒரே நிபந்தனை. நான் சைக்கிளில் போகலாம். அவர் பின்னாலேயே காரில் வருவார். வழியெல்லாம். "நீ உன் பாட்டுக்கு மிதி. நான் உன் பின்னாடி வந்துக்கினே இருப்பேன். டயர் பஞ்சரானாலும் கவலையில்ல" என்றார். எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்று அவருக்குத் தெரியும். ஐந்து நாள் கடையை மூடுகிறார். நான் வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

ஒத்திகை பார்க்க ஒரு ஞாயிறு காலையில் கிளம்பினோம். கூட்டேரிப்பட்டு வரை போய்த் திரும்புவது. நான் முன்னால். பின்னால் எங்கள் கார், இரண்டு பக்க இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு, நான் போகிற வேகத்தில் ஊர்ந்தது. உள்ளே அவரும் அண்ணியும். காருக்குப் பின்னால் வருகிற பஸ்ஸும் லாரியும் காரைப் பார்த்து ஹாரன் அடிக்கும். உடனே இவரும் என்னைப் பார்த்து ஹாரன் அடிப்பார். காதில் போன் பேசிக்கொண்டே இருந்தது. "லெப்ட்ல ஒதுங்கு." "லாரி வருது, நில்லு." "தண்ணி குடி." "மேடு வருது, எறங்கித் தள்ளிக்கினு வா." அவரிடமிருந்து போனைப் பிடுங்கி அண்ணி, "மூச்சு வாங்குதாம்மா?" என்பார். சைக்கிளில் போகிறேன் என்றே தோன்றவில்லை. யாரோ என் முதுகில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டு போவது மாதிரி இருந்தது.

கூட்டேரிப்பட்டில் டீக்கடை முன் நிறுத்தினோம். அவருக்கு முகமெல்லாம் பெருமை. டீ போடுகிறவரிடம், "ஆந்திரா வரைக்கும் போறாங்க. சைக்கிள்லியே. நாங்க பின்னாடியே போறோம்" என்று சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் என் ஹெல்மெட்டையும் சுடிதாரையும் பார்த்தார்கள். ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். அண்ணி முந்தானையால் என் கழுத்து வேர்வையைத் துடைத்துவிட்டார். அந்த முந்தானையின் ஈரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. தீவு வரைக்கும் இப்படித்தான். படகில் கார் ஏறாது என்றால் இவர்கள் கரையில் நின்று போன் பண்ணிக்கொண்டே இருப்பார்கள்.

"போதுங்க. வூட்டுக்குப் போலாம்" என்றேன்.

"ஏம்மா, நல்லாதானே மிதிச்சிக்கினு வந்தே?"

"முட்டி வலிக்குது."

டிக்கியில் சைக்கிளைப் படுக்கவைத்துக் கயிறு கட்டினார். திரும்பும் வழியெல்லாம் அண்ணி என் முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டு வந்தார்.

தை மாதம் வந்தது. நான் லீவு கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் கடைக்குச் சரக்கு லாரி சீக்கிரமே வந்துவிட்டது என்று அவர் ஓடினார். "ஆட்டோவுல ஸ்டேஷன் போயிடு, என்னா?" என்றார். சரி என்றேன். ஆட்டோ பிடிக்கத்தான் வெளியே வந்தேன். ஷெட்டில் சைக்கிள் நின்றது. உள்ளே போய்ப் புடவையை மாற்றிச் சுடிதார் போட்டு, சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தீவுக்கு இல்லை. ஆபீசுக்குத்தான்.

பனி இன்னும் முழுதாக விலகவில்லை. சர்வீஸ் ரோடு இருக்கிற இடத்தில் அதிலும், இல்லாத இடத்தில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியிலுமாக மிதித்தேன். லாரிகள் போகும்போது காற்று ஒரு பக்கமாக இழுக்கும். ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயம் என்னுடையதாக இருந்தது. மயிலத்துப் பக்கம் தண்டவாளத்தில் நான் தினமும் போகிற ரயில் போனது. லேடீஸ் பெட்டியில் என் ஜன்னலில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. விக்கிரவாண்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் நின்று தண்ணீர் குடித்தேன். என்னை யாரும் குடிக்கச் சொல்லவில்லை. முண்டியம்பாக்கம் வரும்போது தொடை இரண்டும் நடுங்கின. விழுப்புரம் ஊருக்குள் நுழைந்ததும் மணி அடித்துக்கொண்டு, கூட்டத்தில் வளைந்து, ஆபீஸ் காம்பவுண்டுக்குள் போய் இறங்கினேன். தாமதமாகத்தான் கையெழுத்துப் போட்டேன். பேனாவில் வேர்வை வழுக்கியது. இவ்வளவு தூரம் என்னால் முடிகிறது என்றால் மற்ற தூரமும் முடியும் என்று தோன்றியது. மேப்பைப் பார்க்கலாம் என்று போனை எடுத்தேன். அது எப்போதோ சார்ஜ் இல்லாமல் அணைந்துபோயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் உதவியாளர் வந்து, "மேடம், உங்க வூட்டுக்காரர் வந்துக்கிறாரு. ஒரு மாதிரி இருக்கறாரு" என்றார்.

கீழே போனேன். புங்க மரத்தடியில் அவர் என் சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேன்ட் முட்டிவரை சேறு. உள்ளங்கையில் முள் கிழித்த கோடு. என்னைப் பார்த்ததும் அங்கேயே மரத்தடி மேடையில் உட்கார்ந்துவிட்டார்.

கடையில் சரக்கு இறக்கும்போது பழக்கத்தில் போனைப் பார்த்திருக்கிறார். நீலப் புள்ளி ரயில் பாதையில் இல்லை, ரோட்டில் இருந்தது. விக்கிரவாண்டி தாண்டியதும் நின்றுவிட்டது. நகரவேயில்லை. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு வந்திருக்கிறார். புள்ளி நின்ற இடத்தில் காரை நிறுத்தி, ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கி, முள்ளுக்குள் தேடியிருக்கிறார். அந்தப் புளியமரத்திலிருந்து முன்னும் பின்னுமாக ஒவ்வொரு பள்ளமாக.

அவருக்கு ஒரு தம்பி இருந்தார். நான் இந்த வீட்டுக்கு வரும் முன்பே அதே ரோட்டில் பைக்கில் போனவர் திரும்பவில்லை. கூடத்தில் படம் இருக்கிறது. அதைத் தினமும் துடைக்கிறவள் நான்தான். அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. அன்றைக்குப் புங்க மரத்தடியில்தான் பேசினார்.

"அன்னிக்கும் இதே மாதிரிதான். வந்துடுவான், வந்துடுவான்னு கடையில ஒக்காந்துக்கினு இருந்தேன். தேடிப் போவலை. அப்பறம் போலீஸ்காரங்க வந்துதான் கூட்டிக்கினு போயி காட்டனாங்க. பள்ளத்துல கெடந்திருக்கான், ராத்திரி பூரா." சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார். "நான் உன்னை அடைச்சி வைக்கலம்மா. என்னால முடியல."

ஆபீஸ் ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையில் இருந்த முள்ளை எடுத்தேன். எனக்கு அழுகை வந்தது. அவருக்காக மட்டும் வந்த அழுகை இல்லை அது. அவர் கத்தியிருந்தால், அடிக்கக் கை ஓங்கியிருந்தால்கூட, நான் மறுநாளும் சைக்கிளை எடுத்திருப்பேன். இந்த முகத்தை எதிர்த்து எங்கே போவது? பூட்டியிருக்கிற கதவென்றால் தட்டலாம், உடைக்கலாம். இவர் கதவே இல்லை. நடுங்குகிற ஒரு மனிதர்.

சாயங்காலம் காரில் வீட்டுக்குப் போனோம். சைக்கிள் டிக்கியில் வந்தது. மறுநாள் காலை வழக்கம்போல ஸ்டேஷனில் விட்டார். ரயிலில் நர்ஸ் பெண், "நேத்து ஏங்க்கா வரல? எப்போ எங்க ஊருக்கு வரீங்க? எங்க அம்மா கேட்டுக்கினே இருக்குது" என்றாள். "பாக்கலாம்மா" என்றேன். அதன்பிறகு மேப்பைத் திறக்கவில்லை. சைக்கிளின் மேல் அவர் ஒரு பழைய தார்ப்பாயைப் போட்டு மூடினார், துருப் பிடிக்காமல் இருக்க. காலையில் நகரைச் சுற்றுவதும் நின்றுபோனது. முட்டிவலி திரும்ப வந்தது. அப்படியே கோடை போய், மழை போய், மறுபடியும் பனி வந்தது.

ஒரு நாள் கடையிலிருந்து வந்தவர் போனை நீட்டினார். திண்டிவனத்திலிருந்து எழும்பூருக்கு ரயில் டிக்கெட். "சென்னையிலேர்ந்து சூலூர்ப்பேட்டைக்கு லோக்கல் ட்ரெயின் இருக்குதாம். அந்த நர்ஸ் பொண்ணு நம்ம கடைக்கு வந்தப்போ கேட்டேன். அவ அம்மாகிட்டயும் சொல்லிட்டா" என்றார். பாதி வெட்கம், பாதி பயம். நான் டிக்கெட்டைப் பார்த்தேன். இரண்டு பேருக்கு எடுத்திருந்தார்.

சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. சந்தோஷமும் இருந்தது. அதற்கு அடியில் ஏதோ ஒன்று கல் மாதிரி உட்கார்ந்துகொண்டது. "ரெண்டு டிக்கெட்டா" என்று மட்டும் கேட்டேன். "பின்ன?" என்றார்.

சென்னையில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கி, விடிந்ததும் ரயிலேறி, சூலூர்ப்பேட்டையில் ஆட்டோ பிடித்துப் படகுத்துறைக்குப் போனோம். ஆட்டோ போன அந்தச் சின்ன ரோட்டின் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரிந்திருந்தது. மேப்பில் அத்தனை தடவை பார்த்திருந்தேன். அரிசி மூட்டை, காய்கறிக் கூடை, இரண்டு பைக்குகள் எல்லாவற்றோடும் படகில் ஏறினோம். தண்ணீர் ஆழமில்லை, அகலம்தான் பயமாக இருந்தது. அவர் ஒரு கையால் பலகையையும் ஒரு கையால் என் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். கரை வருகிற வரை விடவில்லை.

நர்ஸ் பெண்ணின் அம்மா சொன்னபடியே மீன் குழம்பு வைத்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்த ஒரு பழைய சைக்கிளைப் பார்த்தேன். கேரியரில் வலை சுற்றிக் கட்டியிருந்தது. "ஓட்டிப் பாக்கறீங்களா?" என்று அந்த அம்மா வலையை அவிழ்த்துக் கீழே வைத்தார். நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தெருவைப் பார்த்தார். கார் இல்லை, லாரி இல்லை. ஒரு நாயும் இரண்டு கோழியும்தான்.

"போட்டு மூணு மணிக்கு" என்றார்.

சைக்கிள் உயரம். பிரேக் ஒரு பக்கம்தான் பிடித்தது. வீடுகள் முடிந்து, நெல் வயல்கள் வந்து, பிறகு சிமென்ட் ரோடும் முடிந்து மணல் பாதையானது. மிதிக்க முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கடைசியில் தண்ணீர் வந்தது. அதற்கு மேல் வழியில்லை. தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. நாரைகளா, அலையா என்று தெரியவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன், சிக்னல் இல்லை. அவருடைய போனில் இப்போது என் புள்ளி நான் நிற்கிற இடத்தில் இருக்காது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சேற்றில் காலை வைத்து நின்றேன். என்னைச் சுற்றித் தண்ணீர். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, அவர் வாசலில் எப்படி நின்றுகொண்டிருப்பார் என்று நினைப்பு வந்ததும் திரும்பிவிட்டேன். அவர் வாசலில் இல்லை, மணல் பாதை ஆரம்பிக்கிற இடம்வரை வந்து நின்றிருந்தார். அதைத் தாண்டி வரவில்லை.

படகில் திரும்பும்போது, "நல்லா இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சு." மணிக்கட்டைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தபடி சொன்னேன். "அடுத்த தடவை நான் மட்டும் வர்றேங்க. திண்டிவனத்துலேர்ந்து. சைக்கிள்ல."

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மணிக்கட்டில் இருந்த பிடி இறுகியது, தளர்ந்தது, மறுபடியும் இறுகியது. கரை கிட்டத்தில் வந்தபோது, "பாக்கலாம்" என்றார்.